கைப்பட்டையா, மாத்திரையா? குமட்டலுக்கு எது, யாருக்கு, எப்போது

வேலூரில் ஏதாவது ஒரு மருந்துக்கடையில் நின்று, "அண்ணா, வாந்தி மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் மறுகேள்வி இருக்காது. அட்டையிலிருந்து இரண்டு வெட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது எமிசெட்டாக இருக்கலாம், டாம்ஸ்டாலாக இருக்கலாம், அவோமினாகவும் இருக்கலாம். மூன்றும் வாந்தி மாத்திரைதான், ஆனால் மூன்றும் உடம்பில் மூன்று வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவை. ஏலகிரிக்கு வேனில் போகிறவருக்கும், நேற்று ராத்திரி சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளாதவருக்கும் ஒரே மாத்திரை பொருந்தாது.

இதற்கு நடுவில் கைப்பட்டை என்று இன்னொரு சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே மாட்டிக்கொள்ளும் எலாஸ்டிக் பட்டை, உள்பக்கம் ஒரு பிளாஸ்டிக் குமிழ், அவ்வளவுதான். சீ-பேண்ட் என்பது இதில் பழைய பெயர். ஆன்லைனில் தேடினால் பெயர் தெரியாத கம்பெனிகளின் பட்டைகளும் சில நூறு ரூபாய்க்கு ஜோடியாகக் கிடைக்கின்றன. மாத்திரை என்றாலே யோசிக்கிறவர்கள், மசக்கையில் இருப்பவர்கள், தூக்கம் வந்தால் பிழைப்பு கெட்டுவிடும் என்கிறவர்கள் எல்லாரும் "அது வேலை செய்யுதா?" என்று கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் வாந்திக்குச் சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் போட்டால், பட்டை அதன் கிட்டே வர முடியாது. ஆனால் நம் பக்கத்தில் பலர் போடுவது சரியான மாத்திரையும் இல்லை, போடும் நேரமும் சரியில்லை. தப்பான மாத்திரையோடு வைத்துப் பார்த்தால் பட்டை ஒன்றும் மோசமில்லை, பெரிய பக்கவிளைவாவது இருக்காது. அதோடு, மாத்திரை போடத் தயங்கவேண்டிய சிலருக்குப் பட்டைதான் முதல் முயற்சியாக இருக்கவேண்டும்.

குமட்டல் வரும் வழி

மூளையின் அடித்தண்டில் வாந்தியை நடத்திவைக்கும் இடம் இருக்கிறது. அதற்குப் பல வழிகளில் செய்தி போகிறது. உள்காதில் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உறுப்பு ஒரு வழி. பஸ், வேன், ராட்டினம், படகு எல்லாம் இதில் அடங்கும். கண் அசையாத முன்சீட்டையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும், காது மட்டும் வளைவில் திரும்புவதை உணரும். இரண்டும் ஒத்துப்போகாதபோது வயிறு புரட்ட ஆரம்பிக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு இது அநேகமாக வருவதே இல்லை. எந்தப் பக்கம் திருப்பப்போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரியும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் அபூர்வம். அதிகமாக அவதிப்படுவது பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள்தான்.

வயிறும் குடலும் இரண்டாவது வழி. கெட்டுப்போன சாப்பாடு, வைரஸ், காலி வயிற்றில் போட்ட வலி மாத்திரை போன்றவை குடல் சுவரைத் தொந்தரவு செய்யும்போது அங்கே செரோடோனின் என்ற ரசாயனம் சுரந்து, மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. மூன்றாவதாக, ரத்தத்தில் வேண்டாத பொருள் ஏதாவது வருகிறதா என்று பார்க்க மூளையிலேயே ஒரு சின்ன இடம் இருக்கிறது. பல மருந்துகள் குமட்டலைக் கிளப்புவது அங்கேதான், அங்கே முக்கியமான ஆள் டோபமின் என்ற ரசாயனம். நான்காவது வழி மனசு: வாடை, பயம், பழைய ஞாபகம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் தொழிற்சாலை வாடை அடித்ததுமே வெளியூர்க்காரருக்கு உமட்டிக்கொண்டு வரும். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர் பக்கத்து சீட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மாத்திரைகளில் எது எதற்கு

காது வழியாக வரும் குமட்டலுக்கு உதவுபவை ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத் தடுக்கும் பழைய ரக மருந்துகள். அவோமினில் இருப்பது புரோமெத்தசின், ஸ்டுஜெரானில் இருப்பது சின்னரிசின். டைமென்ஹைட்ரினேட் என்று இன்னொன்றும் உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்ட விதமே நம் ஊர் பஸ் பயணிக்குப் பிடிக்கும். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குத் தோல் தடிப்புக்காகச் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு டிராம் வண்டி ஏறினாலே குமட்டும். தடிப்புக்குக் கொடுத்த மருந்தைப் போட்டுக்கொண்டு வந்த நாட்களில் மட்டும் டிராமில் ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொன்னார். கே, கார்லினர் என்ற இரண்டு டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் போன ராணுவ வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949ல் முடிவை வெளியிட்டார்கள்.

எமிசெட், ஆன்டெம், வோமிகைண்ட் என்ற பெயர்களில் வருவது ஆன்டன்செட்ரான். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்திக்காக வந்த மருந்து இது. 1991ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செரோடோனினைத் தடுப்பதால் குடல் வழி வாந்திக்கு அருமையாக வேலை செய்யும். வயிற்றுப்போக்கோடு வாந்தியும் எடுக்கும் குழந்தைக்கு, கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்கவேண்டும் என்பதற்காகக் குழந்தை டாக்டர்கள் இதைத் தருவதுண்டு. ஆனால் பயணக் குமட்டலுக்கு இது உருப்படியாக உதவுவதில்லை. ஏலகிரிக்கு எமிசெட் போட்டுக்கொண்டு போனவர் பாதி மலையில் வாந்தி எடுத்துவிட்டு, "மாத்திரை போட்டும் கேக்கலையே, இன்னா மாத்திரை இது" என்று சலித்துக்கொள்வது இதனால்தான். மாத்திரை மேல் குற்றமில்லை, அது பார்க்கிற வேலை வேறு.

டாம்ஸ்டாலில் உள்ள டாம்பெரிடோனுக்கும் இதே கதை. வயிற்றை முன்னோக்கி நகர்த்திவிடும், டோபமினைத் தடுக்கும். ஆனால் மூளைக்குள் அதிகம் நுழையாத மருந்து என்பதால் காது வழிக் குமட்டலை அதனால் தொடமுடியாது. சாப்பாடு வயிற்றிலேயே நிற்கிற மாதிரி உப்புசம், எதுக்களிப்பு, அதோடு குமட்டல் என்றால் பொருந்தும். பேன்-டி என்று பலர் தினமும் காலையில் டீக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் கேப்ஸ்யூலிலும் இது இருக்கிறது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கலாம் என்பதால், ஒரு வேளைக்கு 10 மி.கி., ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் வேண்டாம், பொதுவாக ஒரு வாரத்தைத் தாண்டவேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து ஆணையம் 2014ல் வரம்பு போட்டது. இங்கே வருஷக்கணக்கில் அதை விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு பஸ் வாந்தியைவிட இதுதான் பெரிய கவலையாகத் தெரிகிறது.

பெரினார்ம் (மெட்டோகுளோபிரமைடு), ஸ்டெமெட்டில் (புரோகுளோர்பெரசின்) இரண்டும் பலமானவை. ஆனால் மூளைக்குள் போய் டோபமினைத் தடுப்பதால், சிலருக்கு, முக்கியமாகச் சின்ன வயதுக்காரர்களுக்கு, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், தாடை இறுகும். வீட்டில் இருப்பவர்கள் வலிப்பு என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் சரியாகிவிடும், ஆனால் அந்த அரை மணி நேரம் யாருக்கும் வரவேண்டாம். ஒரு முறை டாக்டர் எழுதிக்கொடுத்ததன் மிச்சத்தை டப்பாவில் வைத்திருந்து வீட்டில் எல்லாருக்கும் எடுத்துக்கொடுக்கும் பழக்கம், குறைந்தது இந்த இரண்டுக்காவது, கூடாது.

சரி, பஸ் வாந்திக்கு அவோமின் அல்லது ஸ்டுஜெரான் என்று வைத்துக்கொள்வோம். எப்போது போடுவது? இங்கேதான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். வேலூரிலிருந்து ஏலகிரி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி வரை நேர்ச்சாலை, யாருக்கும் ஒன்றும் ஆகாது. பொன்னேரியில் மலை ஏற ஆரம்பித்த பிறகு 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் படிக்கிற நிலையில் நம் ஆட்கள் இருப்பதில்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். வேலூரில் வண்டி ஏறும்போதே போட்டால் அடிவாரம் வரும்போது தயாராக இருக்கும். அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுப் போட்டால், மேலே போய்ச் சேர்ந்த பிறகு தூக்கம் மட்டும் மிச்சம். குமட்டல் ஆரம்பித்துவிட்டால் வயிறு நகர்வதும் மந்தமாகிவிடும், போட்ட மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், இல்லையென்றால் ஜன்னல் வழியே போய்விடும். திருமலைக்கு விடிகாலையில் கிளம்புகிறவர்கள் அவோமினை முந்தின ராத்திரி படுக்கும்போதே போடலாம். அதன் பலன் மறுநாள் பயணத்துக்கும் நிற்கும்.

பதிலுக்கு இவை எடுத்துக்கொள்வது நம் விழிப்பை. அவோமின் போட்டால் நன்றாகவே தூங்கவைக்கும், வாய் உலரும். ஸ்டுஜெரானில் தூக்கம் கொஞ்சம் குறைவு என்பது பொதுவான அனுபவம், இல்லவே இல்லை என்று நினைக்கவேண்டாம். ஆகவே போட்டவர் வண்டி ஓட்டக்கூடாது, இரண்டு சக்கர வண்டி உட்பட. மதுவோடு சேரவே கூடாது. கண்ணில் அழுத்தம் கூடும் கிளாக்கோமா உள்ளவர்களும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் பிரியக் கஷ்டப்படும் பெரியவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. மூச்சையே மட்டுப்படுத்திவிடும் ஆபத்து இருப்பதால் அமெரிக்காவில் 2004லேயே பலமாக எச்சரித்தார்கள்.

விலையில் மாத்திரைக்குத்தான் ஜெயம். ஒன்று சில ரூபாய்தான்.

பட்டை என்ன செய்கிறது

உள்ளங்கையை மேலே பார்த்தபடி வையுங்கள். மணிக்கட்டு மடிப்பில் உங்களுடைய மூன்று விரல்களைக் குறுக்கே வைத்தால், அதற்கு அடுத்து முழங்கைப் பக்கமாக, நடுவில் ஓடும் இரண்டு நாண்களுக்கு இடையே ஒரு பள்ளம் தட்டுப்படும். சீன மருத்துவத்தில் அதற்கு நெய்குவான் என்று பெயர். பட்டையின் குமிழ் அழுத்தவேண்டியது அந்த இடத்தை. அதற்கு அடியில்தான் கைக்குப் போகும் நடு நரம்பு ஓடுகிறது. எலாஸ்டிக் பட்டை வெறும் அழுத்தம்தான் தரும். கைக்கடிகாரம் மாதிரி ஒரு மின்சார ரகமும் உண்டு, அது நரம்புக்குச் சின்னத் துடிப்பு கொடுக்கும். அதன் விலை பல ஆயிரம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதை மாட்டக்கூடாது.

இது நிஜமா, நம்பிக்கையா? 1980களில் பெல்ஃபாஸ்ட் நகரில் டண்டீ என்ற மயக்கமருந்து பேராசிரியர் இந்தப் புள்ளியை அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்ததிலிருந்து ஆராய்ச்சிகள் நிறைய வந்துவிட்டன. 2015ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 59 சோதனைகளை, மொத்தம் 7,667 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டல், போலியாகத் தூண்டப்பட்டவர்களைவிட இந்தப் புள்ளி தூண்டப்பட்டவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. வாந்தி மருந்தோடு ஒப்பிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பட்டை விற்கிறவர்கள் இதை மட்டும் தூக்கிப் பிடிப்பார்கள். அந்தச் சோதனைகளில் ஊசி குத்தியதும் உண்டு, மின்சாரம் கொடுத்ததும் உண்டு. எல்லாமே எலாஸ்டிக் பட்டை இல்லை. சோதனைகளின் தரமும் ஏற்றத்தாழ்வானது. தவிர, மயக்க மருந்தால் வரும் குமட்டல் வேறு, கொண்டை ஊசி வளைவில் வரும் குமட்டல் வேறு.

பயணக் குமட்டலுக்கு என்று தனியாகச் சோதித்தபோது பட்டை அவ்வளவாகத் தேறவில்லை. 1990ல் வந்த ஒரு ஆய்வில் ஹையோசின் என்ற மருந்து உதவியது, பட்டை போலி மருந்துக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மசக்கைக்கான சோதனைகளில் முடிவு முன்னுக்குப்பின்னாக இருக்கிறது. சிலதில் குமட்டல் குறைந்தது, சிலதில் போலிப் பட்டை போட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்தது.

இந்தக் கடைசி விஷயத்தை வைத்தே பட்டையைத் தூக்கிப்போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். குமட்டல் என்பது காய்ச்சல் மாதிரி தெர்மாமீட்டரில் அளக்கிற சமாச்சாரம் இல்லை. அனுபவிக்கிறவர் சொல்வதுதான் அளவு. "வாந்தி வந்துடுமோ, வந்துடுமோ" என்ற பயமே பாதி வாந்தியைக் கொண்டுவருகிறது. கையில் ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருப்பது அந்தப் பயத்தைக் குறைத்தால், அதுவும் லாபம்தான், தீங்கில்லாதவரை. ஆனால் அதற்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்பதில் கணக்காக இருங்கள். முதலில் காசு செலவில்லாமல், குமட்டல் வரும்போது கட்டைவிரலால் அந்த இடத்தை இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பாருங்கள், இரண்டு கையிலும். கொஞ்சமாவது அடங்கினால் பட்டை வாங்குங்கள். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பட்டை மட்டும் என்ன அதிசயம் செய்துவிடப்போகிறது?

விளம்பரப் படத்தில் வராத சில விஷயங்கள் நம் ஊருக்கு உண்டு. முதலாவது வெயில். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது, கையை இறுக்கிய எலாஸ்டிக் துணிக்கு அடியில் வியர்வை கோத்து ஒரே மணி நேரத்தில் அரிக்க ஆரம்பித்துவிடும், வேர்க்குரு இருந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டாவது வளையல். குமிழ் உட்காரவேண்டிய இடமும் வளையல் சரிந்து வந்து நிற்கும் இடமும் ஒன்றேதான். வளையல் இடித்து இடித்துக் குமிழ் நகர்ந்துவிட்டால் அப்புறம் அது வெறும் துணிப் பட்டைதான். ஒன்று வளையலைக் கழற்றவேண்டும், அல்லது பட்டையை மாட்டிவிட்டு வளையலை அதற்கு மேலே ஏற்றிவிடவேண்டும். நல்லவேளை, வளையல் கைநிறைய ஏறும் வளைகாப்பு மாதம் வருவதற்குள் மசக்கை பெரும்பாலானவர்களுக்குப் போய்விட்டிருக்கும்.

இறுக்கமும் முக்கியம். விரல் மரத்துப்போனால், கை வீங்கினால் உடனே தளர்த்துங்கள். சிலர் எந்தக் கையில் பட்டை போடக்கூடாது என்பதும் இங்கே அவசியம் சொல்லவேண்டும், ஏனென்றால் இது ஆஸ்பத்திரி ஊர். இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் 1971லேயே இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. இன்றும் டயாலிசிஸுக்காகவே இங்கே வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட, அதாவது ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த, கையில் இறுக்கமான எதையும் கட்டக்கூடாது, இந்தப் பட்டையும் அதில் அடக்கம். மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களும் அந்தப் பக்கத்துக் கையை விட்டுவிடவேண்டும். கீமோ எடுப்பவர்கள் டாக்டர் கொடுக்கும் வாந்தி மருந்தோடு கூடுதலாகப் பட்டை போடலாம். மருந்தை நிறுத்திவிட்டுப் பட்டையை நம்பக்கூடாது.

யாருக்கு எது

வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை மலைக்குப் போகிறவர், ஏலகிரியோ, திருமலையோ, ஆலங்காயம் வழியாகக் காவலூரோ, ஆரோக்கியமான பெரியவர், வண்டி ஓட்டப்போவதில்லை என்றால் என் ஓட்டு மாத்திரைக்குத்தான். ஒரு நாள் தூக்கம் வந்தால் வரட்டும்.

தினமும் குடியாத்தத்திலிருந்தோ ஆற்காட்டிலிருந்தோ வேலூருக்கு பஸ்ஸில் வந்து போகிறவர் கதை வேறு. தினம் அவோமின் போட்டுக்கொண்டு ஆபீஸில் தூங்கமுடியாது. இவருக்குப் பட்டை முயன்று பார்க்கத் தகுந்தது, ஆனால் அதைவிடவும் சீட்டைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். பின் சக்கரத்துக்கு மேலேயும் கடைசி வரிசையிலும் ஆட்டம் அதிகம். முன்பாதியில், முன்னால் இருக்கும் ரோடு தெரிகிற மாதிரி உட்கார்ந்து, செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூரத்தில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் பலருக்கு வேறெதுவும் தேவைப்படாது. காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் ஏறுவதும் தப்பு, நாலு பூரியை அமுக்கிவிட்டு ஏறுவதும் தப்பு. இரண்டு இட்லி போதும். டீசல் நாற்றத்துக்கு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வரும் பழைய வழக்கம் எனக்குப் பிடிக்கும். என் அம்மா பட்டையைக் காட்டினால், "ரெண்டு ரூபா எலுமிச்சம்பழம் செய்யாததையா இது செய்யப்போவுது?" என்பார். எலுமிச்சம்பழம் இப்போது இரண்டு ரூபாய்க்குக் கிடைப்பதில்லை என்பதைத் தவிர அவரிடம் நான் சண்டைபோட ஒன்றுமில்லை.

மசக்கைக்குப் பட்டையை முதலிலேயே முயலலாம். குழந்தைக்கு எதுவும் ஆகாது என்ற நிம்மதியே பெரிது. அதோடு இஞ்சி. மசக்கைக் குமட்டலை ஓரளவு குறைக்கிறது என்று சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது, வாந்தியின் எண்ணிக்கையை அவ்வளவாக மாற்றுவதில்லை. படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே இரண்டு ரஸ்க்கோ பொரியோ வாயில் போட்டுக்கொள்வது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடுவது, இரும்புச்சத்து மாத்திரைதான் குமட்டுகிறது என்றால் வேறு நேரத்துக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்பது, இவையெல்லாம் பட்டையைவிட மேல். இதற்கெல்லாம் அடங்கவில்லை என்றால் மாத்திரைக்குப் பயந்து பட்டினி கிடக்கவேண்டாம். டாக்டர்கள் முதலில் எழுதுவது டாக்சிலமின், பி6 வைட்டமின் இரண்டும் சேர்ந்த மாத்திரை. டாக்சினேட் என்ற பெயரில் கிடைக்கிறது. இதே கலவை அமெரிக்காவில் பெண்டெக்டின் என்ற பெயரில் விற்று, குழந்தைக்குக் குறை வருகிறது என்று வழக்குமேல் வழக்கு வந்ததால் 1983ல் கம்பெனியே நிறுத்திக்கொண்டது. பிறகு நடந்த ஆய்வுகளில் அந்தப் பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2013ல் வேறு பெயரில் அங்கே மறுபடி அனுமதி கொடுத்தார்கள். "மாசமா இருக்கிறப்ப மாத்திரையா?" என்று அதட்டும் மாமியார்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லலாம். தண்ணீர்கூட தங்கவில்லை, எடை இறங்குகிறது, சிறுநீர் மஞ்சளாகிக் குறைந்துவிட்டது என்றால் பட்டையும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் டிரிப்ஸ் ஏற்றவேண்டிய கட்டம் அது.

வீட்டுப் பெரியவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்லவேண்டும். அறுபது எழுபது வயதில் ஒரு நாள் தலை சுற்றிக் குமட்டியதும் யாரோ ஒரு டாக்டர் ஸ்டெமெட்டிலோ ஸ்டுஜெரானோ ஒரு வாரத்துக்கு எழுதுவார். அந்தச் சீட்டு பர்ஸிலேயே இருக்கும். ஒரு வாரம் ஆறு மாசமாகும், ஆறு மாசம் இரண்டு வருஷமாகும். பிறகு ஒரு நாள் பாட்டிக்குக் கை நடுங்குகிறது, நடை சுருங்குகிறது, முகத்தில் சிரிப்பு மறைகிறது. "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மருந்துமே நீண்ட நாள் போட்டால் பார்க்கின்சன் மாதிரியான நடுக்கத்தைக் கொண்டுவரக்கூடியவை. நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லக் குறையும். ஆகவே வீட்டில் யாராவது இப்படிப் போட்டுக்கொண்டிருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் "இது இன்னும் வேணுமா?" என்று கேளுங்கள். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ மட்டும் சில விநாடி சுற்றிக் குமட்டுகிறது என்றால், உள்காதில் சின்னச் சின்னத் துகள்கள் இடம் மாறியதாக இருக்கலாம். அதைக் காது மூக்கு தொண்டை டாக்டர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே சரிசெய்துவிடுவார், மருந்தே வேண்டாம். இந்தப் பெரியவர்கள் பட்டை போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிப்பதைப் பட்டை தள்ளிப்போட்டுவிடக்கூடாது. அதுவும் சர்க்கரை உள்ள பெரியவருக்கு நெஞ்சு அடைப்பு, வேர்வை, தாடை வலியோடு குமட்டல் வந்தால், அது வாயுத் தொந்தரவு என்று சோடா குடிக்கிற நேரமில்லை, மாரடைப்பாக இருக்கலாம்.

குடலில் பிடித்த தொற்றுக்கு, கெட்ட சாப்பாட்டுக்கு, பட்டை வேண்டாம். வாந்தியோடு போகும் தண்ணீரையும் உப்பையும் ஓ.ஆர்.எஸ். ஆக, ஒவ்வொரு மடக்காகத் திரும்ப ஏற்றுவதுதான் அங்கே வேலை. வெயிலில் அலைந்துவிட்டு வந்து குமட்டுகிறது என்றாலும் அப்படியே: நிழல், ஈரத்துணி, உப்புப் போட்ட மோர். அதில் பேச்சு குழறினால், உடம்பு கொதித்தால் ஆஸ்பத்திரி. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி என்று மருந்தாலேயே வரும் குமட்டலுக்கு அளவையும் நேரத்தையும் மாற்றுவது எழுதிக்கொடுத்த டாக்டரின் வேலை. நடுவில் பட்டையை மாட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் நான் பட்டையைக் கையில் கொடுப்பேன், குழந்தை அளவில் தனியாகக் கிடைக்கிறது. மாத்திரையின் அளவை எடையையும் வயதையும் பார்த்துக் குழந்தை டாக்டர்தான் சொல்லவேண்டும். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் கணக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம்: "இது போட்டா வாந்தி வராது" என்று அம்மா சொன்னால் அவர்கள் நம்புவார்கள், பட்டைக்கு அந்த நம்பிக்கை நன்றாகவே ஒத்தாசை செய்யும்.

இரண்டையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஒன்றுக்கொன்று முரண்பாடு கிடையாது. திருமலைக்குக் காலையில் ஸ்டுஜெரான் போட்டுக்கொண்டு ஏறியவர், தரிசனம் தாமதமாகி ராத்திரி இறங்கும்போது மாத்திரையின் வேகம் குறைந்திருக்கும். சின்னரிசினை எட்டு மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி போடலாம்தான், ஆனால் இறங்கியதும் காட்பாடி வரை வண்டி ஓட்டவேண்டியவர் அவர் என்றால் இன்னொன்று போட முடியாது. அந்த நேரத்தில் பையிலிருந்து பட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, முன்சீட்டுக்காரரிடம் இடம் கேட்டு உட்காரட்டும். சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டுத்தான் மாட்டவேண்டும். துணிக்கு மேல் மாட்டினால் குமிழ் நிற்காது.